பாட்காஸ்ட் கேட்டா சயின்ஸ் வருமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பேச்சுவாக்குல "டியூஷன் போற வழியில பிள்ளைக்கு ஒரு சயின்ஸ் பாட்காஸ்ட் போட்டுவிடுங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான், இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல அதேதான். மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

பையன் பிரைமரி 3. இந்த வருஷம்தான் சயின்ஸ் ஆரம்பிச்சிருக்கு. ஸ்கூல் பஸ்ல போகவர பாட்காஸ்ட் கேக்குறான், வீட்டுக்கு வந்ததும் டைனோசர், பிளாக் ஹோல்னு என்னென்னமோ பேசுறான். சிலபஸ்ல அதெல்லாம் இல்லையே, டைம் வேஸ்ட்டா? – ஒரு அம்மா, ஈசூன்

வேஸ்ட் இல்லம்மா. சிலபஸ்ல பிளாக் ஹோல் இல்லதான், நம்ம சிங்கப்பூர்ல பிரைமரி சயின்ஸ் மொத்தமும் டைவர்சிட்டி, சைக்கிள்ஸ், சிஸ்டம்ஸ், எனர்ஜி, இன்டராக்‌ஷன்ஸ்னு அஞ்சு தலைப்புக்குள்ளதான் ஓடுது. ஆனா பிரைமரி 6 முடிவுல எழுதுற பிஎஸ்எல்இ பரீட்சைக்கு இன்னும் மூணு வருஷத்துக்கு மேல இருக்கு, அதுக்குள்ள அவன் ஆசையை சிலபஸ் அளவுக்கு நறுக்கிடாதீங்க. அவன் கதை சொல்லும்போது ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "அது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?" டைனோசரை யாரும் பாத்தது இல்லையே, அப்புறம் அது என்ன தின்னுச்சுன்னு எப்படிச் சொல்றாங்க? முழிப்பான். முழிக்கட்டும். அடுத்த தடவை கேக்கும்போது அந்த இடத்துல காதைத் தீட்டிக்கிட்டு கேப்பான், பல்லு, எலும்பு, சாணி கல்லா மாறினதுன்னு வந்து சொல்லுவான்.

இன்னொண்ணு, நீங்க கேக்காட்டியும் சொல்றேன். பஸ் சத்தத்துல பிள்ளைங்க வால்யூமை ஏத்திக்கிட்டே போவாங்க. உலக சுகாதார நிறுவனம் பிள்ளைங்களுக்குச் சொல்ற அளவு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குள்ள. வீட்டுல யாரு டெசிபல் அளக்கப் போறா, பக்கத்துல உக்காந்திருக்கிற உங்களுக்கு அவன் இயர்போன்லேர்ந்து பேச்சு கேட்டுச்சுன்னா குறைக்கச் சொல்லுங்க.

எதைக் கேக்கலாம்? பேரு சொல்லுங்களேன். – உட்லண்ட்ஸ் வாசகர்

எனக்குப் பிடிச்சது 'பட் வை'. அமெரிக்காவுல வெர்மான்ட் மாநில ரேடியோ 2016-லேர்ந்து நடத்துது, பிள்ளைங்களே போன்ல பேசி அனுப்புற கேள்விதான் ஒவ்வொரு எபிசோடும். 'பிரெய்ன்ஸ் ஆன்' 2012-லேர்ந்து வருது, ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை கூட உக்காந்து நடத்தும், நடுவுல ஒரு மர்மச் சத்தம் போட்டு இது என்னன்னு கேப்பாங்க, அதுக்காகவே கேக்கலாம். 'டம்பிள்'ல விஞ்ஞானிங்க கிட்டயே பேசுவாங்க. 'வாவ் இன் தி வேர்ல்ட்' பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், எனக்குத்தான் அந்தக் கத்தலும் கூச்சலும் அரை மணி நேரத்துக்கு மேல தாங்காது, வயசாயிடுச்சு போல.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் அமெரிக்கக்காரங்களோடது. சூட்டை பாரன்ஹீட்ல சொல்லுவாங்க, தூரத்தை மைல்ல சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை தண்ணி 212 டிகிரில கொதிக்கும்னு எழுதிட்டு வந்துச்சு, அது தப்பே இல்ல, டிகிரிக்குப் பின்னாடி செல்சியஸ்னு போட்டதுதான் தப்பு. இலையுதிர் காலம்னு சொன்னா நம்ம பிள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியாது, ஆனா அதையும் சும்மா விடாதீங்க, கீழ இறங்கிப் போய் ஒரு கெத்தாப்பாங் மரத்தை, அதான் நாட்டு வாதுமை, காட்டுங்க. இங்க குளிர்காலமே இல்ல, அப்பயும் அதோட இலை விழறதுக்கு முன்னாடி செக்கச்செவேல்னு ஆகுது. ஏன்னு பிள்ளையே கேக்கும்.

நான் புதுசா வேலைக்குச் சேந்த டீச்சர். பிரைமரி 3 கிளாஸ்ல லைஃப் சைக்கிள் பாடத்துக்கு 20 நிமிஷ பாட்காஸ்ட் போட்டேன். அஞ்சாவது நிமிஷத்துலேயே கிளாஸ் தேக்கா மார்க்கெட் ஆயிடுச்சு. இது நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்துவராதா? – செங்காங்

ஒத்துவரும். 20 நிமிஷம்தான் ஒத்துவராது. பீரியடே அரை மணி நேரம், அதுல பிள்ளைங்க உக்காரவே அஞ்சு நிமிஷம் போயிடும். அதோட, பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு இருன்னா எட்டு வயசுப் பிள்ளை என்ன பண்ணும், பக்கத்துப் பிள்ளையைத்தான் பாக்கும்.

நான் எத்தனையோ வருஷம் தட்டுத்தடுமாறி ஒரு வழிக்கு வந்தேன், அதைச் சொல்றேன். முதல்ல நீங்க முழுசா கேளுங்க, சில நிகழ்ச்சிக்கு பேச்சு முழுக்க எழுத்து வடிவத்துலயும் வெப்சைட்ல இருக்கும், அதைப் படிச்சா சீக்கிரம் முடியும். அதுலேர்ந்து மூணே மூணு நிமிஷம் எடுத்துக்குங்க. போடறதுக்கு முன்னாடி பிள்ளைங்க கையில ஒரு பேப்பர், அதுல நாலு கட்டம். கேக்கக் கேக்க வரையணும், எழுதக் கூடாது. கம்பளிப்பூச்சி கூடு கட்டுற இடம் வந்ததும் அங்கேயே நிறுத்திடுங்க, ஆ ஊன்னு கத்துவாங்க, பரவால்ல. "இப்ப கூட்டுக்குள்ள என்ன இருக்கும்? மூணாவது கட்டத்துல வரைங்க."

பாடமே அங்கதான் ஆரம்பிக்கும். பாதிப் பிள்ளைங்க கம்பளிப்பூச்சி படுத்துத் தூங்குற மாதிரி வரைவாங்க. சிலது அதே பூச்சி முதுகுல ரெண்டு றெக்கை ஒட்டி வைக்கும். உள்ள அதோட உடம்புல பெரும்பகுதி கரைஞ்சு கஞ்சி மாதிரி ஆகி, ஏற்கெனவே இருக்கிற சின்னச் சின்ன செல் கூட்டத்துலேர்ந்து றெக்கையும் காலும் புதுசா உருவாகுதுன்னு ஒரு பிள்ளைக்கும் தோணாது, நமக்கே தோணாது. இப்ப பிளே பண்ணுங்க. ஊசி விழுந்தா சத்தம் கேக்கும். யாரு எதைத் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்காங்கன்னு அந்த மூணாவது கட்டம் உங்களுக்குக் காட்டிக்கொடுத்துடும், அது எந்த வொர்க்‌ஷீட்லயும் கிடைக்காது.

முடிஞ்சா இன்னொண்ணும் பண்ணுங்க. நம்ம வீட்டு காரிடார்ல கறிவேப்பிலை தொட்டி, இல்லன்னா லீமாவ் கஸ்தூரிங்கிற குட்டி எலுமிச்சைச் செடி இல்லாத புளோக்கே கிடையாது. இலையில காக்கா எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், தொட்டுப் பாத்தா நகரும், அதுதான் பட்டாம்பூச்சியோட குட்டிப் புழு, குருவி தின்னாம இருக்க அந்த வேஷம். கொஞ்சம் வளந்ததும் பச்சையா மாறிடும். செடியோட ஒரு கிளையை வெட்டி டப்பாவுல கொண்டு வாங்க, முட்டைலேர்ந்து பட்டாம்பூச்சி வரைக்கும் எல்லாமே ஒரு மாசத்துக்குள்ள முடிஞ்சிடும். கறிவேப்பிலை போச்சேன்னு உங்க மாமியார் திட்டினா நான் பொறுப்பில்ல.

எல்லாப் பாடத்துக்கும் பாட்காஸ்ட் தேடாதீங்க. சர்க்கியூட், மேக்னட் மாதிரி பாடத்துக்கெல்லாம் அது தேவையே இல்ல. பேட்டரி, பல்ப், வயர் கையில கொடுத்தா வேலை முடிஞ்சுது, அதைப் போய் வாயால விளக்கிக்கிட்டு.

மகள் பிரைமரி 4. பாட்காஸ்ட்ல கேட்ட மாதிரியே பதில் எழுதினா, டீச்சர் மார்க் போடல. ஐஸ் போட்ட கப்புக்கு வெளிய ஏன் தண்ணித் துளி வருதுன்னு கேள்வி. "ஐஸோட குளிர் வெளிய வந்து தண்ணியாச்சு"ன்னு எழுதியிருக்கா. கீவேர்ட் இல்லன்னு மார்க்கைக் குறைக்கிறதெல்லாம் நியாயமா? – ஒரு அப்பா, ஜூரோங் வெஸ்ட்

கீவேர்டுக்காகக் குறைச்சிருந்தா நானும் உங்க கூடச் சேந்து சண்டைக்கு வந்திருப்பேன். ஆனா இந்தப் பதில் நிஜமாவே தப்புங்க. குளிர்னு ஒரு பொருள் உள்ளேர்ந்து வெளிய வர்றது இல்ல, சூடுதான் சூடான பக்கத்துலேர்ந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். பேச்சுல நாம எல்லாரும் "கதவைச் சாத்து, ஏர்கான் குளிர் வெளிய போகுது"ன்னுதானே சொல்றோம், பாட்காஸ்ட்ல பேசுறவங்களும் மனுஷங்கதான், கதை ஓட்டத்துல அப்படித்தான் சொல்லுவாங்க.

திட்டாம ஒரு வேலை பண்ணுங்க. காப்பிக்கடைல ஒரு மைலோ பெங், அதான் ஐஸ் போட்ட மைலோ, வாங்கி, மூடி போட்டு மேசைல வைங்க. அஞ்சு நிமிஷத்துல கப் வேர்த்துடும். வெள்ளை டிஷ்யூவால அவளையே துடைக்கச் சொல்லுங்க. டிஷ்யூ என்ன கலர்? வெள்ளைதான். உள்ள இருக்கிறது கசிஞ்சு வந்திருந்தா மைலோ கலர்ல, இனிப்பா இருக்கணுமே? அப்ப அந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? சுத்தி இருக்கிற காத்துல நம்ம கண்ணுக்குத் தெரியாத நீராவி நிறைய இருக்கு, நம்ம ஊருக் காத்துல கேக்கவே வேணாம், அது குளிர்ந்த கப்பைத் தொட்டதும் தன்னோட சூட்டை இழந்து துளியாகுது. வீட்டுல கிச்சன் தராசு இருந்தா மூடி போட்ட கப்பை துடைக்காம அதுலயே வச்சுடுங்க, கால் மணி நேரத்துல எடை கொஞ்சம் கூடியிருக்கும். இவ்வளவையும் கண்ணால பாத்துட்டு எழுதினா வாட்டர் வேப்பர், லூஸ் ஹீட், கண்டென்ஸ் மூணும் தானா வந்து உக்காரும், தனியா மனப்பாடம் பண்ண வேணாம்.

பாட்காஸ்ட் கேட்டதும் "பரீட்சைல இதையே எப்படி எழுதுவ?"ன்னு ஒரு தடவை கேட்டுடுங்க, போதும். மைலோவை அப்புறம் அவளுக்கே கொடுத்துடுங்க.

பொண்ணு தானே பாட்காஸ்ட் பண்ணப் போறேங்குறா. மைக் வாங்கணுமா? – பொங்கோல்

வேணாம். போன் போதும், துணி நிறைஞ்ச அலமாரியைத் திறந்து அது முன்னாடி உக்காந்து பேசச் சொல்லுங்க, எதிரொலி அடங்கும். தலைப்பு தேட வேணாம், விடியறதுக்கு முன்னாடியே புளோக் முழுக்க எழுப்பிவிடுதே குயில், அதைப் பதிவு பண்ணட்டும். கூவுறது ஆணு, முட்டையைப் போய் காக்கா கூட்டுல வைக்கிறது பொண்ணு, இது ஒண்ணு போதுமே ஒரு எபிசோடுக்கு. இல்லன்னா மழை நாள்ல, வீட்டுக்குள்ள இருந்துதான், மின்னல் வெட்டினதும் இடிச் சத்தம் கேக்குற வரைக்கும் ஒண்ணு ரெண்டுன்னு வினாடி எண்ணச் சொல்லுங்க, மூணு வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முகம், பேரு, ஸ்கூல் எதையும் வெளிய போட வேணாம், குடும்ப குரூப்ல அனுப்பினா போதும்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பேரன் மதியம் வந்ததும் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்துடுறான், என்ன கேக்குறான்னே எனக்குப் புரியல. அவன் படிப்புக்கு நான் என்னத்தைச் செய்ய? – ஒரு பாட்டி, பிடோக்

பாட்டிம்மா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதது அவனுக்கு நல்லது. அம்மா கிட்ட பாதி இங்கிலீஷ்ல சொல்லித் தப்பிச்சுடுவான், உங்க கிட்ட முடியாது, முழுசும் தமிழ்ல சொல்லியாகணும். போட்டோசின்தஸிஸ்னு சொன்னா "அப்படின்னா என்னப்பா?"ன்னு கேளுங்க. இலை வெயில்ல சாப்பாடு செஞ்சுக்கும் பாட்டின்னு சொல்ல வந்துடுச்சுன்னா அவனுக்குப் புரிஞ்சிடுச்சு. சொல்ல வரலன்னா வார்த்தைதான் தெரியும், விஷயம் தெரியாதுன்னு அர்த்தம். தமிழ் ஓரல் பரீட்சைக்கும் (வாய்மொழித் தேர்வு) அந்தப் பேச்சு உதவும்.

அப்புறம் நீங்களும் அவனுக்கு ஒரு கேள்வி போடுங்க, இட்லி மாவு ஏன் ராத்திரியில பொங்குதுன்னு. தெரியலன்னு சொன்னா ஒரே மாதிரி டப்பா ரெண்டு எடுத்து, ஒரே மாவை ஒரே அளவு ஊத்தி, ஒண்ணை அடுப்படிலயும் ஒண்ணை ஃபிரிட்ஜ்லயும் அவனையே வைக்கச் சொல்லுங்க. மாவு எந்த மட்டத்துல இருக்குன்னு டப்பா வெளிய பேனால கோடு போடச் சொல்லுங்க, மத்ததெல்லாம் ஒண்ணா வச்சுட்டு ஒரே ஒரு விஷயத்தை மாத்திப் பாக்குறதைத்தான் ஸ்கூல்ல ஃபேர் டெஸ்ட்னு சொல்லித் தர்றாங்க. காலையில எது எவ்வளவு ஏறியிருந்துச்சுன்னு அவன் கையாலேயே தமிழ்ல எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்க, அடுத்த இதழ்ல போடுறேன்.