மழைக்கு உப்பிய கதவு: வாசகர் கேள்வி-பதில்

தரமணி வாசகர்: கால்சியம் சேனலை அளக்க பேரியம் எதற்கு?

கால்சியம் சேனல் என்பது செல் சவ்வில் கால்சியம் அயனி நுழையும் வாசல். பேரியம் அதே வழியில் இன்னும் தாராளமாகப் போகும், சேனலைச் சீக்கிரம் சோர்வடைய விடாது. அளவில் குறுக்கிடும் பொட்டாசியம் சேனலையும் அடக்கி வைக்கும். அவ்வளவுதான்.

கிண்டி மாணவி: சிம்பதெடிக் நரம்பு செல்லில் சோமாடோஸ்டாடின் ஹார்மோன் என்-டைப் கால்சியம் சேனலை 'பிளாக்' செய்கிறது என்று தீசிஸில் எழுதலாமா?

எழுதாதீர்கள். இந்த 'பிளாக்'கோடு எனக்குப் பல வருடத் தகராறு. கூம்பு நத்தையின் நஞ்சான கோனோடாக்சின் செய்வதுதான் பிளாக்: வாசலில் செங்கல் வைத்து அடைப்பது. சோமாடோஸ்டாடினோ, நரம்பு செல்கள் சுரக்கும் என்.பி.ஒய். (நியூரோபெப்டைடு ஒய்) என்ற பெப்டைடோ வாசல் பக்கமே போவதில்லை. செல்லின் மேலிருக்கும் தன் ரிசெப்டாரில் (ஏற்பியில்) போய் உட்காரும். உள்ளே, செய்தி கடத்தும் ஜி புரதம் பிரியும். அதன் பீட்டா-காமா துண்டு சேனலில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு உப்பிய மரக்கதவைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான். முரண்டு பிடிக்கும், ஓங்கித் தள்ளினால் திறக்கும்.

நம்பாவிட்டால் அளந்து பாருங்கள். செல்லின் வோல்டேஜை 0 மில்லிவோல்ட்டுக்கு ஏற்றி ஒரு பல்ஸ்: சேனல் வழியே ஓடும் கரண்ட் பாதியாகி, அதுவும் மெதுவாக ஏறும். அடுத்து +80-க்கு ஒரு 50 மில்லிசெகண்ட் தள்ளு (இதுதான் முன்-பல்ஸ்), சில மில்லிசெகண்ட் மட்டும் பழைய வோல்டேஜில் விட்டு மறுபடி 0. காணாமல் போனதில் பெரும்பகுதி திரும்பி வந்து நிற்கும். செங்கல் சுவர் இப்படி வழிவிடுமா? முன்-பல்ஸ் போடாமல் எந்த முடிவும் எழுதாதீர்கள்.

குரோம்பேட்டை வாசகர்: எலி செல்களை ராத்திரி முழுக்க பெர்டூசிஸ் டாக்சினில் (கக்குவான் இருமல் கிருமியின் நஞ்சு) ஊறவைத்தும் ஆன்ஜியோடென்சின் ஹார்மோன் கரண்டைக் குறைக்கிறது. டாக்சின் கெட்டுப்போச்சா?

அதன் மேல் பழி போடாதீர்கள். அது மடக்குவது ஜி-ஐ, ஜி-ஓ வகை ஜி புரதங்களை. ஆன்ஜியோடென்சின் போவது ஜி-கியூ என்ற இன்னொரு ஜி புரத வழி: சவ்விலுள்ள பிப்-டூ என்ற கொழுப்பு குறையும், வேலை மெதுவாக நடக்கும், +80-க்கும் மசியாது. முன்-பல்ஸ் போட்டிருந்தால் நீங்களே கண்டிருப்பீர்கள்.

தாம்பரம் வாசகர்: என்.பி.ஒய். போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

எந்த விலங்கு, எவ்வளவு, எந்தக் குழாய் வழியாக? எதையும் சொல்லாமல் ஜோசியமா கேட்கிறீர்கள்? பெப்டைடு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். கரைசலில் துளி அல்புமின் சேருங்கள். சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனதா என்றும் விசாரியுங்கள். சேனல் கரண்ட் இல்லை, வீட்டுக் கரண்ட்.

மயிலாப்பூர் வாசகர்: அம்மா பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபின் இந்தச் சேனலையா அடைக்கிறது?

இல்லை, அது முக்கியமாக ரத்தக்குழாய்த் தசையின் எல்-டைப் கால்சியம் சேனலை. சில்னிடிபின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை எல், என் இரண்டையும் பிடிக்கும். கால் வீங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை மாற்றாதீர்கள். அப்புறம், இந்த மாத்திரைகளை 'அடைக்கிறது' என்று சொல்வது வழக்கம்தான், ஆனால் இவையும் வாசலில் வைத்த செங்கல் இல்லை. கிண்டிக்காரர் கவனிக்கவும்.