அரசு ஐ.டி.ஐ.களில் இவ்வளவு செலவழித்தும் மாற்றம் ஏன் நிலைப்பதில்லை? ஒரு அமைப்பின் பகுதிகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பார்க்கும் சிஸ்டம்ஸ் திங்கிங் இதற்கு உதவுமா?

உதவும், ஆனால் வட்டமும் அம்புக்குறியும் வரைந்து அலுவலகச் சுவரில் ஒட்டுவதோடு நின்றால் உதவாது. ஒரு பயிற்சி நிலையத்தில் எந்த ஒன்று தடைபடுவதால் மற்றதெல்லாம் வீணாகிறது என்று தேடத்தான் இந்த முறை. தேடினால் பெரும்பாலும் மெஷினுக்கு வெளியேதான் அது அகப்படும்.

முதலில் ஒரு பழைய பாடம். 2007-08ல் தொடங்கிய திட்டத்தில் 1,396 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்த, தலா 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் தரத் திட்டமிடப்பட்டது. தொழில்துறையைச் சேர்ந்த ஒருவரைத் தலைவராகக் கொண்ட நிர்வாகக் குழு அதைச் செலவழிக்க வேண்டும். 10 ஆண்டு கழித்து, 20 ஆண்டில் திருப்ப வேண்டும். அதாவது ஆண்டுக்கு 12.5 லட்சம். சொந்த வருமானம் பெரிதாக இல்லாத நிலையம் எங்கிருந்து கட்டும்? பணத்தை வங்கியில் டெபாசிட்டாகப் போட்டுவைத்த குழுக்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கடனின் விதியே அப்படி நடந்துகொள்ளச் சொல்லிற்று. விதியை மாற்றாமல் குழுவை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த குழுவும் அதையேதான் செய்திருக்கும்.

இப்போது தமிழ்நாட்டில் டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.கள் சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கப்பட்டுள்ளன. நல்ல காரியம். இங்கே கேட்க வேண்டியது, பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த மறுநாள் என்ன ஆகும் என்பதுதான். கணினி இயக்கும் சிஎன்சி மெஷினின் கண்ட்ரோலருக்குள் ஒரு சிறிய லித்தியம் பேட்டரி இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, மெஷின் பவர் ஆனில் இருக்கும்போதே அதை மாற்ற வேண்டும். அது செத்துக் கிடக்கும் நிலையில் விடுமுறைக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது மெஷினை இயக்கும் அமைப்பு எண்கள் (பாராமீட்டர்) அழிந்திருக்கும். பிறகு சர்வீஸ் என்ஜினியர் வரும்வரை மெஷின் காட்சிப்பொருள்தான். பேட்டரி வாங்கும் அதிகாரம் நிலைய முதல்வரிடம் இருக்கிறதா, மேலே எழுதிக் கேட்க வேண்டுமா? நிலைத்தன்மை இந்த அளவு சின்ன இடத்தில்தான் முடிவாகிறது.

மூலப்பொருளை எடுத்துக்கொள்வோம். வெல்டர் பிரிவில் ஒரு யூனிட்டுக்கு 20 பேர். ஒருவர் நாளைக்கு 15 வெல்டிங் ராடு எரிக்கிறார் என்று வைத்தால் 300 ராடு, வாரம் 5 நாளுக்கு 1,500. பட் ஜாயின்ட் (தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்க்கும்) பயிற்சிக்கு 150×75×10 மி.மீ. தகடு இரண்டு சேர்ந்தால் ஏறக்குறைய 1.75 கிலோ, 20 பேருக்கு ஒரு நாளில் 35 கிலோ. நிதி ஏப்ரல்–மார்ச் கணக்கில் வருகிறது, பயிற்சியோ ஆகஸ்டில் தொடங்குகிறது. டெண்டர் இழுத்தால், கை படிய வேண்டிய முதல் மாதங்களில் பையன்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு மருந்து கூடுதல் நிதி மட்டுமல்ல. ஓராண்டு விலை ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் இறக்கச் சொல்லுங்கள். ஸ்டோரில் மறு ஆர்டர் அளவை எழுதி ஒட்டுங்கள்: சரக்கு வர 6 வாரம், தாமதமானால் சமாளிக்கக் கையிருப்பு 2 வாரம் என்றால் 12,000 ராடுக்குக் கீழே இறங்கும்போதே ஆர்டர் போக வேண்டும். (7018 என்ற வகை ராடு என்றால் ஈரம் இழுக்கும், அடுப்பில் உலர்த்தாமல் கொடுத்து வெல்டு கெட்டால் பையனின் கையையும் குறை சொல்ல முடியாது.) தகட்டின் இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளின் வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். அந்தப் பட்டறைக்காரர்தான் நாளைக்கு ஆள் எடுக்கப்போகிறவர் என்பதால் இந்தப் பழக்கம் வேறு வகையிலும் பலன் தரும்.

இன்னும் மோசமான சுழல் பயிற்றுநர் விஷயத்தில். ஒரு இளநிலைப் பயிற்சி அலுவலர் பணியிடம் காலியானால், இருப்பவர் இரண்டு பேட்சைப் பார்க்கிறார். செய்து காட்டும் நேரம் பாதியாகிறது. பையன்கள் வரவைக் குறைக்கிறார்கள், சிலர் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த ஆண்டு சேர்க்கை விழுகிறது. 'சேர்க்கையே இல்லாத பிரிவுக்கு எதற்குப் பணியிடம்?' என்று கோப்பு திரும்புகிறது. இந்தச் சுழலைச் சேர்க்கை விளம்பரத்தால் உடைக்க முடியாது. பணியிடம் நிரம்பும்வரை தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவரை மணிக்கணக்கு ஊதியத்தில் அமர்த்த முதல்வருக்கு அதிகாரம் வேண்டும், உடைக்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது தாமதம். பிட்டர் பிரிவு 2 ஆண்டு, அதன்பின் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் ஓராண்டு என்றால் இன்று பாடத்திட்டத்தில் செய்யும் மாற்றத்தின் பலனை 3 ஆண்டு கழித்துத்தான் பார்க்க முடியும். அதற்குள் அதிகாரி மாறுவார், திட்டத்தின் பெயரும் மாறும். ஆகவே முன்கூட்டியே அசையும் எண்களைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு மாணவர் மெஷினில் நின்ற மணிநேரம், பழுதாகிக் கிடந்த நாட்கள், இடைநின்றவர்கள்: இந்த மூன்றும் போதும், மாதம் ஒருமுறை பலகையில் எழுதலாம்.

'பிளேஸ்மென்ட் சதவீதம்' என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வேலைவாய்ப்பு முகாம் நாளில் கையெழுத்தானதை எண்ணினால், மூன்று மாதக் கான்ட்ராக்ட் வேலையும் வெற்றிக் கணக்கில் சேரும். ஆறு மாதம் கழித்து போன் செய்து கேளுங்கள்: கற்ற தொழிலிலேயே இருக்கிறாயா, சம்பளம் என்ன, அங்கே போய்ப் புதிதாக எதைக் கற்க வேண்டியிருந்தது? மூன்றாவது கேள்வியின் பதில்தான் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வர வேண்டும்.

அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். சில இடங்களில் இது மலிவான உற்பத்தி ஆளாகச் சுருங்கிவிடுகிறது. அதைத் தடுக்க, எந்த மாதம் எந்த மெஷினில் என்று சுழற்சி அட்டவணை ஒன்றை எழுதி வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநரே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பயணப்படியை பட்ஜெட்டில் தனித் தலைப்பாகவே வையுங்கள், இல்லையென்றால் முதலில் வெட்டப்படுவது அதுதான்.