பைலட்டிடம் கேளுங்கள்: சிமுலேட்டர், ட்ரோன், செஸ்னா

நான் எந்த விமான நிறுவனத்திலும் வேலை பார்ப்பவன் இல்லை. தனியார் பைலட் உரிமம் வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் பழைய செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம் ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பறக்கிறேன். பறக்க முடியாத நாட்களில் கணினியில் விமானம் ஓட்டும் வீட்டுச் சிமுலேட்டர், இடையிடையே ஒரு சின்ன ட்ரோன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சிமுலேட்டரில் 400 மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். நிஜப் பயிற்சிக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரிதானே?

பாதி முடிந்த மாதிரிதான். எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நானும் அந்த வழியாக வந்தவன்தான். முதல் வகுப்புக்குப் போகும்போதே செக்லிஸ்ட் மனப்பாடம். ரேடியோவில் என்ன பேச வேண்டும், பேனலில் உள்ள ஆறு மீட்டர்களும் எதைக் காட்டுகின்றன, எல்லாம் தெரியும். பயிற்றுநர் அசந்துபோவார் என்று நினைத்தேன். அவர் பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து இரண்டு ஒட்டுத்தாள்களை எடுத்து, ஒன்றை வேகமானி மேலும் மற்றதை உயரமானி மேலும் ஒட்டினார். "இப்ப ஓட்டுங்க" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே அடிவானம் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் கண்ணில் பட்டது.

மூக்கு அடிவானத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது, காற்றின் இரைச்சல் கூடுகிறதா குறைகிறதா, யோக் (விமானத்தின் ஸ்டியரிங்) கையில் இறுகுகிறதா தளர்கிறதா. வேகத்தைச் சொல்ல இவையே போதும். வீட்டு மேஜையில் இவற்றில் பெரும்பாலானவை கிடைக்காது. அதனால் சிமுலேட்டரில் பழகியவர்கள் மீட்டர்களையே வெறித்துக்கொண்டிருப்பார்கள். மீட்டர் முள்ளைத் துரத்தித் துரத்தி விமானத்தைக் குதிரை மாதிரி ஏற்றி இறக்குவார்கள். இரண்டாவது குறை கால். முழு விசையில் மேலேறும்போது செஸ்னாவின் மூக்கு இடதுபக்கம் இழுக்கும்; வலது ரட்டர் பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெடல் இல்லாமல் விளையாடுபவர்களுக்கு அந்த வேலையை மென்பொருளே செய்துவிடுவதால், கால் என்று ஒன்று தேவை என்பதே தெரியாமல் வருகிறார்கள். மூன்றாவது, பாஸ் பொத்தான். குழம்பினால் நிறுத்தி யோசிக்கும் பழக்கம். மேலே அப்படி ஒரு பொத்தான் கிடையாது.

அதற்காகச் சிமுலேட்டரை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கும் பயிற்றுநர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929-இல் உருவாக்கிய பயிற்சிப் பெட்டிதான் இதற்கெல்லாம் முன்னோடி. அவர் ஆர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. வாத்தியத்துக்குக் காற்றூதும் துருத்திகளை வைத்தே அந்தப் பெட்டியை ஆட்டினார். ஆரம்பத்தில் அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் சுமக்கும் வேலை கொடுக்கப்பட்டு, மோசமான வானிலையில் பலர் விழுந்து இறந்த பிறகுதான் ராணுவம் அவரிடம் ஆறு பெட்டிகளை வாங்கியது. எதற்கு? இறங்கிப் பழக இல்லை. வெளியே ஒன்றும் தெரியாதபோது மீட்டர்களை மட்டும் நம்பி ஓட்டப் பழக. இன்றைக்கும் சிமுலேட்டர் மிக நன்றாகச் சொல்லித்தருவது அதைத்தான். அதோடு வேலைகளின் வரிசை, ரேடியோப் பேச்சு, போகாத விமான நிலையத்தை முன்கூட்டியே ஒருமுறை சுற்றிப் பார்ப்பது. தலைக்கு உள்ள பாடத்தை வீட்டில் முடித்துவிடுங்கள். கைக்கும் காலுக்கும் உள்ள பாடம் விமானத்தில்தான்.

வீட்டில் ஓட்டிய 400 மணி நேரமும் உங்கள் பறப்பு நேரப் பதிவேட்டில் ஏறாது. விமானத் துறை அங்கீகரித்த கருவியில் பயிற்றுநரோடு செலவிட்ட நேரத்துக்கு மட்டும், அதுவும் ஓரளவுக்குத்தான், கணக்கு உண்டு.

யோக், திராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி), பெடல். சிமுலேட்டருக்கு முதலில் எதை வாங்குவது?

பெடல். காரணம் மேலே சொல்லியாயிற்று. யோக்குக்குப் பதில் சாதாரண ஜாய்ஸ்டிக்கே கொஞ்ச காலம் ஓடும்.

நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டால் ஒற்றை எஞ்சின் விமானம் கல் மாதிரி விழுமா? "ஸ்டால்" என்கிறார்களே, அதுதானே இது?

இரண்டும் வேறு வேறு. காரில் எஞ்சின் நின்றால் ஸ்டால் என்கிறோம். விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை. எதிர்க்காற்றை இறக்கை வெட்டும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேல்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும், தூக்குவிசை சரிந்துவிடும். எஞ்சின் முழு வீச்சில் ஓடும்போதும் இறக்கை ஸ்டால் ஆகலாம். எஞ்சின் நின்ற பிறகும் மூக்கைத் தாழ்த்தி வைத்திருந்தால் ஸ்டால் ஆகாது.

கணக்கைப் பாருங்கள். செஸ்னா 172 ஒரு பங்கு உயரத்தை இழந்தால் ஏறக்குறைய ஒன்பது பங்கு தூரம் சறுக்கிப் போகும். 3,000 அடியில் எஞ்சின் நின்றால், சுமார் 65 நாட் (மணிக்கு 120 கிலோமீட்டர்) வேகத்தில் நான்கு நிமிடம், எட்டு கிலோமீட்டர் உங்கள் கையில் இருக்கிறது. காற்று எதிர்த்தால் குறையும். நல்ல வயலாகத் தேர்ந்தெடுக்க அது தாராளம். சிக்கலே ஓடுபாதையை விட்டு எழும்பிய முதல் நிமிடத்தில்தான். அந்த உயரத்தில் திரும்பி வந்து அதே ஓடுபாதையில் இறங்கிவிடலாம் என்று மனசு சொல்லும். அந்தத் திருப்பத்தில்தான் பலர் இறக்கையை ஸ்டால் ஆக்கி விழுந்திருக்கிறார்கள். நேராகவோ கொஞ்சம் பக்கவாட்டிலோ இருப்பதில் நல்ல இடமாகப் பார்த்து இறக்க வேண்டியதுதான்.

எனக்கு எஞ்சின் முழுதாக நின்றதில்லை. ஒருமுறை நிற்கப் பார்த்தது. மழை பெய்து ஓய்ந்த காலை, வெயில்கூட அடித்தது, குளிரே இல்லை. இறங்குவதற்காகத் திராட்டிலைக் குறைத்துக்கொண்டு வந்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் குமிழை, கார்புரேட்டர் ஹீட் என்பார்கள், இழுக்க மறந்திருந்தேன். எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 2,100-இலிருந்து மெல்ல மெல்ல 1,900-க்கு நழுவியது. கை பட்டிருக்கும் என்று நினைத்துத் திராட்டிலைத் தள்ளினேன், மறுபடி நழுவியது. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய தொண்டையில் காற்று விரியும்போதும் உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலும் இறங்கும். ஈரம் அதிகமாக இருந்தால் வெளியே இதமாக இருக்கும் நாளிலும் உள்ளே பனிக்கட்டி பிடிக்கும். அது உறைத்ததும் குமிழை இழுத்தேன். எஞ்சின் முன்னைவிட மோசமாக உதறியது. உருகிய நீர் எஞ்சினுக்குள் போகும்போது அப்படித்தான் இருமும் என்று படித்திருந்தேன். படித்திருந்தும் குமிழைத் திரும்பத் தள்ளிவிடக் கை பரபரத்தது. பத்துப் பதினைந்து விநாடி பொறுத்தேன். முள் ஏறியது.

இந்த நோய் கார்புரேட்டர் உள்ள எஞ்சின்களுக்குத்தான். புதிய 172-களில் பெட்ரோலை நேரடியாகப் பீய்ச்சும் முறை என்பதால் அந்தக் குமிழே கிடையாது.

சிமுலேட்டரில் மேகத்துக்குள் ஜம்மென்று ஓட்டுகிறேன். நிஜ விமானிகள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்?

உங்கள் நாற்காலி நகராததால்தான் ஜம்மென்று ஓட்டுகிறீர்கள். உள்காதில் உள்ள திரவம்தான் உடம்பு திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சில விநாடிகளில் அது ஓய்ந்துவிடும். நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும். பிறகு நிஜமாகவே நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வது போல இருக்கும். கண் மீட்டரைப் பார்க்கிறது, உடம்பு அதை நம்ப மறுக்கிறது. வீட்டில் இந்தச் சண்டையே கிடையாது.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், மீட்டர்களை மட்டும் வைத்து ஓட்டப் பழகாத 20 பேரை மேகத்துக்குள் போன நிலையில் வைத்துச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்துக்கொண்ட நேரம் 178 விநாடி. நான் இந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி வரைபடப் பையில் வைத்திருக்கிறேன்.

120 மீட்டர் வரம்பைக் கொஞ்சம் தாண்டினால் என்ன? விமானிக்குத்தான் ட்ரோன் தெரியுமே, ஒதுங்கிப் போக மாட்டாரா?

தெரியாது. இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன்.

நல்ல கண் பிரித்தறியும் எல்லை, ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 30 சென்டிமீட்டர். உங்கள் ட்ரோனின் அளவும் ஏறக்குறைய அதுதான். நான் 100 நாட் வேகத்தில் வந்தால் விநாடிக்கு 51 மீட்டர். ஒரு பொருளைப் பார்த்து, இன்னதென்று புரிந்து, மோதப்போகிறது என்று உணர்ந்து, விமானத்தைத் திருப்பி முடிக்க 12.5 விநாடி ஆகும் என்பது விமானப் பாதுகாப்புக் கையேடுகள் சொல்லும் கணக்கு. அதாவது 640 மீட்டர் தூரத்திலேயே நான் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் உங்கள் ட்ரோன் கண்ணாடியில் ஒட்டிய தூசுக்குச் சமம். இன்னும் மோசம், மோதும் பாதையில் உள்ள பொருள் கண்ணாடியில் நகரவே நகராது. ஒரே இடத்தில் நின்று, கடைசி இரண்டு மூன்று விநாடியில் திடீரென்று ஊதிப் பெரிதாகும். நகராத எதையும் கண் தேடாது.

பல நாடுகளில் ட்ரோனுக்கு 400 அடி, அதாவது அந்த 120 மீட்டர், உச்சவரம்பு; குடியிருப்பு இல்லாத இடங்களில் விமானத்துக்கு 500 அடி கீழ்வரம்பு. நடுவே இருப்பது நூறு அடி. ஹெலிகாப்டருக்கும், இறங்க வரும் விமானத்துக்கும் அந்த நூறு அடியும் இல்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த ஒரு நீர்தெளிப்பு விமானத்தின் இறக்கையை ஒரு சின்ன ட்ரோன் துளைத்தது. விமானம் பத்திரமாக இறங்கியது; பழுதுபார்க்கும் வரை தீயணைக்க அதனால் போக முடியவில்லை.

ட்ரோன் பறக்கவிடும்போது நான் திரையைவிடக் காதைத்தான் நம்புகிறேன். எஞ்சின் சத்தம் கேட்டால், எங்கே என்று தேடிக்கொண்டிருக்காமல் முதலில் கீழே இறக்கிவிடுவேன்.

ட்ரோனை நேர்செங்குத்தாக வேகமாக இறக்கினால் வெடவெடவென்று ஆடுகிறது. மோட்டார் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. தன் விசிறி கீழே தள்ளிய கலங்கிய காற்றுக்குள்ளேயே அது இறங்குகிறது. விசிறிக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டருக்கும் இதே தொல்லை உண்டு. கொஞ்சம் முன்னே நகர்த்தி, சரிவாக இறக்குங்கள். மேலே ஏற்றித் தப்பிக்கப் பார்த்தால் சில சமயம் ஆட்டம் கூடும்.

வெயில் அதிகம் என்று சொல்லி நண்பர் நான்காவது ஆளை ஏற்ற மறுத்துவிட்டார். சாக்குதானே?

உங்கள் நண்பரோடு தைரியமாகப் பறக்கலாம். கடல்மட்டத்தில் 15 டிகிரிதான் கணக்குக்கு வைத்திருக்கும் வெப்பநிலை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் விமானம் 120 அடி உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும். 35 டிகிரி என்றால், தரையில் நிற்கும்போதே 2,400 அடி. காற்று மெலிந்துவிட்டதால் எஞ்சின், விசிறி, இறக்கை மூன்றுக்கும் தீனி குறைவு. ஓடுபாதை அதிகம் தேவை, ஏறுவதும் மந்தம். ஈரக்காற்று கனமானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நீராவி கலந்த காற்று வறண்ட காற்றைவிட லேசானது, அதனால் புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். டேங்கை நிரப்பினால் செஸ்னா 172-இல் நான்கு பெரியவர்கள் ஏறுவது நல்ல நாளிலேயே கஷ்டம். நான்கு இருக்கை என்பது ஒரு பேச்சுக்குத்தான்.

கண்ணாடி போடுபவர் பைலட் ஆகலாமா?

ஆகலாம், கண்ணாடி போட்டுப் பார்வை தேறினால் போதும். மாற்றுக் கண்ணாடி ஒன்று கையோடு இருக்கச் சொல்வார்கள். நிறம் பிரித்தறியும் சோதனையை மட்டும் பணம் கட்டிச் சேர்வதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.

மனைவியை முதன்முறையாகக் கூட்டிப்போகிறேன். குமட்டுமோ என்று பயமாக இருக்கிறது.

அதிகாலையில் போங்கள், தரை சூடேறிய பிறகு காற்று குலுக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். செங்குத்தான திருப்பம், ஸ்டால் எல்லாம் காட்டி அசத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். படம் எடுக்க போனையே பார்த்துக்கொண்டிருக்காமல் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், காற்றுத் துளையை முகத்துக்குத் திருப்பி விடுங்கள். வாந்திப் பையை ஏறும்போதே மடியில் கொடுத்துவிடுங்கள். என் தம்பி கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அவன் கேட்க வாய் திறந்தபோது கேள்வி வரவில்லை.