பிளாக் கீஸின் பிசிறு எங்கே போனது?

கேள்வி: தி பிளாக் கீஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘நோ ரெயின், நோ ஃபிளவர்ஸ்’ (2025) ஆல்பத்தைக் கேட்டேன். ஆரம்பத்தில் இருந்த கரடுமுரடான ப்ளூஸ் இசையைக் காணவே காணோம். காசுக்காக மாறிவிட்டார்கள், இல்லையா?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: காசு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், அப்புறம் பாட்டைக் கேட்கவே தேவையில்லை. இந்த மாற்றம் நேற்று வந்ததும் இல்லை.

டான் ஆவர்பாக் கிதாரும் குரலும், பாட்ரிக் கார்னி டிரம்ஸ். அவ்வளவுதான் குழு. 2003-இல் ‘திக்ஃப்ரீக்னஸ்’ ஆல்பத்தை ஒஹையோ மாநிலத்து ஆக்ரனில், கார்னி வீட்டு நிலவறையில், எட்டு டிராக் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார்கள். அடுத்த ஆல்பம் கைவிடப்பட்ட டயர் தொழிற்சாலையில். நீங்கள் சொல்லும் கரடுமுரடில் பாதி அந்த டேப்பும் அந்தச் சுவர்களும் தந்தது. 2008-இல் டேஞ்சர் மவுஸ் தயாரிப்பாளராக வந்தபோதே பிசிறு குறைய ஆரம்பித்துவிட்டது. 2010-இல் ‘பிரதர்ஸ்’ வந்து கிராமி விருதுகளை வாங்கியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனாலும் எதையோ இழந்ததாக உங்கள் காது சொல்வது உண்மை. அது இடைவெளி. பேஸ் கிதார் இல்லாத அந்த இருவர் குழுவில், கிதார் நின்றால் டிரம்ஸ் தனியாக நிற்கும். பாட்டு மூச்சு விட்டதே அங்கேதான். அதை அவர்கள் வட மிசிசிப்பியின் ஹில் கன்ட்ரி ப்ளூஸிலிருந்து, ஜூனியர் கிம்ப்ரோ, ஆர்.எல். பர்ன்சைட் போன்றவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கார்டு (chord), அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, பெரும்பாலும் மாறாது. ஒரே இடத்தில் நின்று தாளம் சுழன்றுகொண்டே இருக்கும். சண்முகானந்தா சபாவில் தம்புரா சுருதிக்குப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும். அடியில் ஒன்று அசையாமல் நிற்பதால்தான் மேலே குரல் அலைய முடிகிறது.

புது ஆல்பத்தில் ரிக் நொவெல்ஸ், ஸ்காட் ஸ்டோர்ச் போன்ற ஹிட் பாடல்காரர்களோடு சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். மெட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கிதார் பேச வேண்டிய சந்துகளையெல்லாம் கீபோர்டு அடைத்துவிடுகிறது. என் குறை அதுதான்.

வேரை மறந்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். பர்ன்சைடோடு வாசித்த கென்னி பிரவுனை அழைத்து, கிம்ப்ரோ, பர்ன்சைட் பாடல்களை இரண்டே நாளில் பதிவு செய்த ஆல்பம் ‘டெல்டா க்ரீம்’ (2021). முதலில் கிம்ப்ரோவையே கேளுங்கள், பிறகு இதை. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமாக.