கடை காலியாகிறதாம், தளபாடம் வாங்கலாமா? கேள்வி பதில்

மட்டக்களப்பு நகரில் ஒரு பெரிய தளபாடக் கடை, கடையை மூடப் போவதாகச் சொல்லி 70% வரை விலைக்கழிவு அறிவித்திருக்கிறது. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கல்லடியில் இருந்து ஏறாவூர் வரை சொல்லிக்கொண்டு போகிறார்கள். நம் குழுவிலும் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் ஓடாவியாகத் தொழில் பழகி, பிறகு ஒரு ஷோரூமின் களஞ்சியத்தைப் பல வருடம் பார்த்தவன். இப்போது பழைய தளபாடம் திருத்திக் கொடுக்கிறேன். இந்தக் கடையோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

செங்கலடியில் இருந்து ஒரு தம்பி: அண்ணன், 70% குறைத்து விற்றால் கடைக்காரருக்கு நட்டம் வராதா? எப்படிக் கட்டுபடியாகும்?

அந்த 70% ஒன்றிரண்டு பொருளுக்குத்தான் இருக்கும் தம்பி. பெரும்பாலும் மூலையில் கிடக்கும் கண்ணாடி மேசை, ஒற்றைக் கதிரை, சோடி பிரிந்த சின்ன மேசை. நீங்கள் தேடிப் போகும் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் 20, 25% தான் இருக்கும்.

ஆனால் உண்மையாகவே நட்டத்துக்கு விற்பதும் உண்டு. ஒரு சோபா செற் களஞ்சியத்தில் ஒரு வருடம் கிடந்தால் அது பிடித்த இடத்துக்கு வாடகை, அதில் முடங்கிய காசுக்கு வட்டி, மேலே எலி, தூசி, மாரி ஈரம். அதைக் கொள்விலைக்குத் தள்ளிவிட்டாலே முதலாளிக்கு நிம்மதி. கட்டிடத்தைத் திருப்பிக் கொடுக்கத் திகதி குறித்திருந்தால் இன்னும் கீழே இறங்குவார்.

இன்னொரு வழியும் நடக்கிறது. விலையை முதலில் ஏற்றி எழுதி, பிறகு குறுக்கே கோடு போடுவது. 80,000 ரூபாய்க்குப் போன அலுமாரிக்கு 130,000 என்று எழுதி, 40% குறைத்து 78,000 என்று காட்டினால் உங்களுக்கு மிச்சம் 2,000 தான். வெட்டிய விலையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கடைசியில் கையால் எண்ணிக் கொடுக்கும் காசு எவ்வளவு? அதே மாதிரிப் பொருள் காத்தான்குடியிலோ கல்முனையிலோ என்ன விலை? இந்த இரண்டையும் ஒப்பிட்டால் போதும். மெலமைன் அலுமாரி (மரத்தூளை அமுக்கிய பலகைக்கு மேல் மெலமைன் தாள் ஒட்டியது), ஒட்டுப்பலகைக் கட்டில் போன்றவை பல கடைகளுக்கும் ஒரே இறக்குமதியாளரிடம் இருந்துதான் வருகின்றன. படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் அடுத்த கடையில் விலை சொல்வார்கள்.

ஓட்டமாவடி சகோதரர்: 40% கழித்து, அதற்கு மேல் இன்னும் 20% என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் 60% தானே?

இல்லை, 52%. 100,000 ரூபாய்ப் பொருள் முதலில் 60,000 ஆகும். இரண்டாவது 20% அந்த 60,000இல் தான் கழியும், ஆக 48,000. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதும் அதே விலையுள்ள மூன்று பொருள் என்றால் 33% தான், அதுவும் மூன்றும் உங்களுக்குத் தேவைப்பட்டால் மட்டும்.

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு அக்கா: மகளுக்குத் தையில் கலியாணம். வளவுக்குள்ளேயே வீடு கட்டுகிறோம், பூச்சு வேலை இப்போதுதான் முடிந்தது. கட்டில், அலுமாரி, சாப்பாட்டு மேசை, சோபா எல்லாவற்றையும் இந்த மலிவிலேயே வாங்கிவிடலாமா?

அக்கா, உங்கள் கேள்விதான் இதில் பெரியது. நம் பக்கம் பெண்பிள்ளைக்கு வீட்டையும் கொடுத்து, வீட்டுக்குள் வைக்கும் சாமானையும் கொடுக்கிறோம். சேர்த்த காசு முழுவதும் ஒரே மாதத்தில் போகிற நேரம் அது. அவசரப்படாதீர்கள்.

முதலாவது, புதுப் பூச்சு. சீமெந்துச் சுவர் காய்வதற்கு வாரக்கணக்கில் எடுக்கும், மாரி தொடங்கிவிட்டால் இன்னும் சுணங்கும். அந்த ஈரச் சுவரோடு மெலமைன் அலுமாரியை ஒட்டி வைத்தால் அதன் முதுகுப் பலகை ஈரத்தைக் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும், வளையும். தை மாதம் திறந்து பார்க்கும்போது புது அலுமாரிக்குள் நாற்றம் வரும். அதனால் அலுமாரியையும் மெத்தையையும் கடைசிக்கு விடுங்கள். மலிவு தவறினாலும் பரவாயில்லை.

இரண்டாவது, முற்பணம். இப்போது காசைக் கட்டுங்கள், வீடு முடிந்ததும் இறக்கித் தருகிறோம் என்பார்கள். மூடப் போகிற கடையில் இதைச் செய்யவே கூடாது. தை மாதம் அந்த இடத்தில் வேறு கடை இருந்தால் நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? கையோடு ஏற்றிக்கொண்டு வரக்கூடியதற்கு மட்டும் காசு கொடுங்கள்.

இப்போது வாங்கக்கூடியவை மரச் சாமான்கள். தேக்கு, முதிரை, மகோகனியில் செய்த சாப்பாட்டு மேசை, கதிரை, கட்டில் நல்ல விலைக்குக் கிடைத்தால் எடுத்து, பழைய வீட்டில் காற்றோட்டமான அறையில், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பொலித்தீனால் இறுக்கிச் சுற்ற வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். பழைய சேலையால் மூடினால் போதும்.

அளவை மறந்துவிடாதீர்கள். ஷோரூமின் பெரிய ஹோலில் எல்லாச் சாமானும் சின்னதாகத் தெரியும். அறையின் நீள அகலம், கதவின் அகலம் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். ஆறடி அகலக் கட்டிலைப் பத்துக்குப் பத்து அறையில் போட்டால் அலுமாரிக் கதவைத் திறக்க இடம் இருக்காது. மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வீட்டில் புழங்கப் போகிறவள் அவள்தானே.

கல்லாறு தங்கச்சி: எல்லாமே பார்வைக்குத் தேக்கு மாதிரித்தான் இருக்கிறது. மரமா, அமுக்கிய பலகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கத்தைப் பார்த்தால் என்னாலும் சில நேரம் சொல்ல முடியாது. பின்னாலும் அடியிலும் பாருங்கள்.

லாச்சி ஒன்றை முழுவதுமாக வெளியே உருவி எடுங்கள். கடைப்பையன் முகம் சுளித்தாலும் எடுங்கள். மேல்விளிம்பையும் பின்பக்க மூலையையும் விரலால் தடவுங்கள். மரத்தூளை ஒட்டி அமுக்கிய பலகை என்றால் வெட்டிய இடம் சொரசொரவென்று சிறு துகள்களாகத் தெரியும், நகத்தால் சுரண்டினால் உதிரும். எம்.டி.எஃப் (மரநாரை அமுக்கிய பலகை) என்றால் மட்டை மாதிரி ஒரே சீராக, மண்ணிறமாக இருக்கும். உண்மையான மரத்தில் மேலே ஓடும் ரேகை விளிம்பில் திரும்பி இறங்கும், வெட்டுமுகத்தில் வளையம் தெரியும். மேலே ரேகை, ஓரத்தில் ஒட்டிய நாடா என்றால் அது மரமல்ல. ஒரே முடிச்சு ஒரே வடிவத்தில் இரண்டு கதவிலும் இருந்தால் அது அச்சடித்த தாள்.

அடுத்தது லாச்சியின் அடிப்பலகை. கையால் அமத்துங்கள். மெல்லிய பலகையைக் கீழே இருந்து ஊசிக் கம்பியால் அடித்திருந்தால் நான்கு சாறி மடித்து வைத்ததும் தொங்கும். பக்கப் பலகையில் காடி வெட்டி அதற்குள் செருகியிருந்தால் நிற்கும்.

நல்ல மரம் என்றாலும் ஒரு விஷயம் இருக்கிறது. மொறட்டுவையில் இருந்தோ மலைநாட்டில் இருந்தோ வரும் சாமான் சரியாகக் காயாத மரத்தில் செய்ததாக இருந்தால், நம் பக்கத்துக் கச்சான் காற்று அதைச் சும்மா விடாது. ஆனி, ஆடி வெக்கையில் மேசைப் பலகை பிளக்கும், மூட்டு இளகும். அடியில் மூட்டுகளைப் பாருங்கள். மரப் புட்டி வைத்து நிரப்பி மேலே வார்னிஷ் அடித்த கோடு தெரிந்தால் அது ஏற்கனவே பிளந்த சாமான்.

ரப்பர் மரக் கதிரைகளும் நிறைய வரும். மருந்தேற்றிப் பதப்படுத்தியது என்றால் மோசமில்லை. குண்டூசித் தலை அளவு ஓட்டையும் அதன் கீழே மா மாதிரித் தூளும் கண்டால் தொடாதீர்கள். அந்தப் பூச்சி வீட்டில் உள்ள மற்ற மரத்துக்கும் போகும்.

காரைதீவில் இருந்து ஓர் அண்ணன்: 2024 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து மெலமைன் அலுமாரி இரண்டும் அடி ஊதிப் போய்விட்டன. மறுபடியும் அதையே மலிவில் வாங்குவதா?

வேண்டாம் அண்ணன். அந்தப் பலகை ஒரு தடவை தண்ணீர் குடித்து ஊதினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்கு வராது, ஆணி பிடிக்காது. வெள்ளம் ஏறும் வீட்டுக்கு நிலத்தில் அப்படியே குந்தும் அலுமாரி எந்த விலைக்கும் மலிவல்ல. ஆறு அங்குலக் காலாவது உள்ள மர அலுமாரி பாருங்கள், அதன் கீழே செங்கல் வைத்தும் உயர்த்தலாம். இரும்பு அலுமாரி தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று அதைத் தின்னும். வாங்கினால் அடியிலும் கதவுப் பிணைச்சலிலும் பெயின்ற் உரியாமல் இருக்கிறதா என்று பார்த்து, வருடம் ஒரு தடவை பூசிக்கொள்ளுங்கள்.

நனைந்த மரச் சாமான் ஏதும் வீட்டில் இருந்தால் வீச வேண்டாம். வெயிலில் போடாமல் நிழலில் மெதுவாகக் காயவிட்டால் மூட்டை இறுக்கி மீட்டெடுக்கலாம். நான் திருத்திக் கொடுக்கும் கட்டில்களில் பாதி அப்படி வந்தவைதான்.

அக்கரைப்பற்று காக்கா: தம்பி, சோபாவை எப்படிப் பார்த்து எடுப்பது? எல்லாம் துணிக்குள் மூடித்தானே கிடக்கிறது.

காக்கா, முன்பக்கக் கால் ஒன்றைப் பிடித்து அரை அடி தூக்குங்கள். மற்ற முன்காலும் கூடவே எழும்பினால் சட்டம் இறுக்கமாக இருக்கிறது. அது நிலத்திலேயே நின்று சோபா முறுகினால் உள்ளே பெட்டிப் பலகை அடித்திருக்கிறார்கள். பிறகு நடுவில் இருந்து பாருங்கள், ஓரத்தில் அல்ல. அடித்துணியை ஒரு மூலையில் விலக்கி ரோர்ச் அடித்தால் பட்டியும் ஸ்பிரிங்கும் தெரியும்.

இருக்கைப் பஞ்சின் அடர்த்தியைக் கேளுங்கள். தினமும் இருக்கும் சோபாவுக்குக் கன மீற்றருக்கு 30 கிலோவுக்கு மேல் வேண்டும். முட்டியால் அமத்திக் கையை எடுத்ததும் குழி உடனே எழும்ப வேண்டும். ஷோரூமில் மாதிரிக்கு வைத்திருந்த சோபாவில் ஊரே இருந்து எழும்பியிருக்கும், அதற்குத் தனியாக விலை பேசலாம். தோல் மாதிரித் தெரியும் றெக்சின் சோபா வெயில் படும் இடத்தில் இருந்ததா என்று மடிப்பை விரித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் ஒரு வருடத்தில் செதில் செதிலாக உரியும்.

ஏறாவூர் தம்பி: மெத்தை?

உறையில் உற்பத்தித் திகதி பாருங்கள். பழைய பஞ்சு மஞ்சளாகும், நொறுங்கும். படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் கட்டிலை அளந்துகொண்டு போங்கள், 72 அங்குல நீளமும் 75 அங்குல நீளமும் கடையில் கலந்தே கிடக்கும். மாதிரிக்கு விரித்து வைத்த மெத்தை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மருதமுனையில் இருந்து ஒரு ராத்தா: திரைச்சீலைத் துணி றோல் முடிவு என்று மீற்றருக்குப் பாதி விலை போட்டிருக்கிறார்கள்.

நெசவு ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் துணி பற்றிச் சொல்வது சரியில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். சுருக்கு அழகாக விழ ஜன்னல் அகலத்தின் இரண்டு மடங்கு துணி வேண்டும். நான்கடி ஜன்னலுக்கு எட்டடி. றோல் முடிவில் இரண்டு ஜன்னலுக்குத்தான் காணும் என்றால், மூன்றாவதுக்கு அதே நிறம் பிறகு கிடைக்காது. ஒரே அறைக்கு முழுவதும் காணுமென்றால் எடுங்கள். பருத்தி என்றால் தைக்கும் முன் ஒரு தடவை நனைத்துக் காயவிடுங்கள்.

வாழைச்சேனை தம்பி: கார்ட்டில் கட்டினால் 3% கூடக் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

தேவையில்லை. அந்தக் கட்டணம் கடைக்காரர் வங்கிக்குக் கொடுக்க வேண்டியது, உங்கள் தலையில் கட்டக் கூடாது. விடாப்பிடியாகக் கேட்டால் உங்களுக்குக் கார்ட் தந்த வங்கிக்குச் சொல்லலாம். காட்டும் விலை 18% வற் வரி சேர்த்ததா என்றும் காசு கட்டும் முன்னே கேட்டுவிடுங்கள்.

கல்முனை தங்கச்சி: பில்லில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. வொறன்டி கார்டும் தருகிறார்கள். பிறகு பழுது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். நிறம் பிடிக்கவில்லை, அறைக்குள் போகவில்லை என்றால் கடை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தேக்கு என்று சொல்லி வேறு மரம் கொடுத்தால், பழுதை மறைத்து விற்றால் கதை வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொய் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியதும் கடைக்காரரின் கடமை. பொருள் வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். விவரம் கேட்க அவர்களின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அதனால் பில்லில் வெறுமனே "கட்டில் 1" என்று எழுத விடாதீர்கள். "தேக்குக் கட்டில், 6க்கு 5 அடி, புதியது" என்று எழுதச் சொல்லுங்கள். கீறல் இருந்து அதற்காக விலை குறைத்தால் அந்தக் கீறலையும் எழுதச் சொல்லுங்கள், வேறு பழுது வந்தால் பேச வசதியாக இருக்கும்.

வொறன்டி கடை கொடுத்ததா, தயாரித்த கம்பனி கொடுத்ததா என்று பாருங்கள். கடையின் முத்திரை மட்டும் இருந்தால், கடை மூடிய பிறகு அந்த அட்டையைக் கொண்டு போக இடமில்லை. மின்விசிறி, சாய்கதிரை மாதிரி அசையும் பாகம் உள்ளவற்றுக்கு இது முக்கியம்.

ஆரையம்பதி மாமி: கடைசி நாள் வரைக்கும் பொறுத்தால் இன்னும் குறையுமா தம்பி?

குறையும் மாமி, ஆனால் நல்லது போய்விடும். கட்டாயம் வேண்டிய ஒரு பொருளுக்கு முதல் கிழமையிலேயே, கூட்டமில்லாத வார நாள் காலையில் போங்கள். இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் பரவாயில்லை என்கிற சாமானுக்குக் கடைசி இரண்டு நாள் போதும். அந்த நேரம் முதலாளியோடு நேரே விலை பேசலாம், அலுமாரியோடு கண்ணாடி மேசையையும் சேர்த்துக் கேட்கலாம்.

இலவச டிலிவரி என்றால் எந்த ஊர் வரைக்கும், எந்த நாள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் தெரிந்த ஒரு பட்டா லொறியைப் பேசிக்கொண்டு போவதுதான் நல்லது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் படங்கு ஒன்றையும் எடுத்துப் போங்கள். மகன் ஒருவர் கூட வந்தால் ஏற்றும்போது சாமானின் கால் முறியாமல் பார்த்துக்கொள்வார்.