இங்கிலாந்தின் சிக்ஸ்த் ஃபார்மில் ‘என்ரிச்மென்ட்’ என்பது என்ன?

இங்கிலாந்தில் 16 முதல் 18 வயது வரை, பெரும்பாலும் ஏ லெவல் என்னும் பள்ளியிறுதித் தேர்வுக்காகப் படிக்கும் ஈராண்டுகளே சிக்ஸ்த் ஃபார்ம். அப்போது பாடவேளைக்கு வெளியே நடக்கும் விவாத மன்றம், தன்னார்வப் பணி, விளையாட்டு போன்றவற்றை என்ரிச்மென்ட் என்கிறார்கள். பல பள்ளிகள் இதற்கெனப் புதன்கிழமைப் பிற்பகலையே ஒதுக்கிவிடுகின்றன.

காரணம் எளியது. அதுவரை எட்டு, ஒன்பது பாடங்கள் படித்தவர், பெரும்பாலும் மூன்றே பாடங்களுக்குள் சுருங்கிவிடுகிறார். பாடம் கிணற்றை ஆழப்படுத்துகிறது என்றால், அந்த நீரை வயலுக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால் என்ரிச்மென்ட். இவற்றுள் பயன் மிகுந்தது, என் பார்வையில், ஈ.பி.கியூ. என்னும் ஆய்வுத் திட்டம்: மாணவர் தாமே தலைப்பைத் தேர்ந்து, வழக்கமாக 5,000 சொல் அளவில் அறிக்கை எழுதி, அதைப் பிறர் முன் விளக்கிக் கேள்விகளுக்கும் பதிலளிக்க வேண்டும்.

இவற்றில் நிறையச் சேர்ந்தால் மதிப்பெண் குறைந்தாலும் ஆக்ஸ்போர்டில் இடம் கிடைத்துவிடும் என்று பலர் நம்புவது தவறு. அங்கே முதலில் பார்க்கப்படுவது பாடத் திறனே.