கோபம், மன்னிப்பு: வேதபாட ஆசிரியரிடம் கேளுங்கள்

கேள்வி: ஐயா, கோபப்படுவதே பாவமா?

பதில்: இல்லை. மாற்கு 3:5-ல் இயேசுவே கோபத்தோடு சுற்றிலும் பார்க்கிறார். எபேசியர் 4:26 பொழுது சாயும்வரை கெடு கொடுக்கிறது. அதுவரை போனைத் தொடாதீர்கள். நான் ஒருமுறை ராத்திரி பதினொன்றரைக்கு என் தம்பிக்கு நாலு வரி தட்டினேன். அழிக்கப் போவதற்குள் இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. மறுபடி பேச இரண்டு வருஷம் ஆனது.

கேள்வி: கூடப்பிறந்தவரே பணத்தில் ஏமாற்றினார். "சின்ன விஷயம், விட்டுவிடு" என்கிறார்கள்.

பதில்: சின்ன விஷயமென்று யார் சொன்னது? மத்தேயு 18-ல் இயேசு சொல்லும் கதையில் ராஜா ஒரு ஊழியக்காரனின் கடனைத் தள்ளுபடி செய்கிறார், அவனோ தன் உடன் வேலைக்காரனை விடவில்லை. அந்த உடன் வேலைக்காரன் பட்ட கடன் 100 வெள்ளிப்பணம். 20-ஆம் அதிகாரத்தில் ஒரு நாள் கூலியே ஒரு பணம்தான். ஆக, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. இயேசு அதைக் குறைத்துக் காட்டவில்லை. எதிர்த்தட்டில் அந்த ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்ட 10,000 தாலந்தை வைத்தார். ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. மொத்தம் 6 கோடி நாள்! "எல்லாவற்றையும் தீர்க்கிறேன்" என்று அவன் ராஜாவிடம் கெஞ்சுமிடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். உங்கள் நஷ்டத்தை முழுசாகக் கணக்குப் போடுங்கள், பிறகு தள்ளுபடி செய்யுங்கள்.

கேள்வி: மன்னித்தால் மறக்கவும் வேண்டுமா?

பதில்: தனக்கு வெகு தீமை செய்த கன்னானாகிய அலெக்சந்தரிடம் எச்சரிக்கையாயிரு என்கிறார் பவுல். அடுத்த வசனத்திலேயே, தன்னைக் கைவிட்டவர்கள்மேல் குற்றம் சுமராதிருக்க வேண்டுகிறார் (2 தீமோத்தேயு 4:14-16). மறந்தவர் இப்படி எழுதுவாரா?

கேள்வி: மன்னித்தும் நினைப்பு வருகிறதே?

பதில்: மேலே சொன்னதுதான்.

கேள்வி: மன்னித்தவருக்கு மறுபடி கடன் கொடுக்கலாமா?

பதில்: அலெக்சந்தர்! படித்துவிட்டுக் கேளுங்கள் தம்பி.

கேள்வி: லூக்கா 17:3 "மனஸ்தாபப்பட்டால்" மன்னி என்கிறதே. மனந்திரும்பாதவனை மன்னிப்பது வேதத்துக்கு மாறு.

பதில்: மாற்கு 11:25-ல் அந்த நிபந்தனை இல்லை.

அவரே: அது ஜெபவேளையின் மனநிலை. லூக்கா சொல்வது உறவு.

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். அவன் மனம் மாறாமல் உறவு திரும்பாது. ஆனால் வன்மத்தை இறக்கிவைக்க நான் ஏன் அவனுக்காகக் காத்திருக்க வேண்டும்? இயேசுவுக்குச் சாட்சி சொன்னதற்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான், "இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்தாதிரும்" என்றார் (அப்போஸ்தலர் 7:60). கல்லெறிந்தவர்களில் யார் மனஸ்தாபப்பட்டது?

அவரே: ஸ்தேவான் மன்னிக்கவில்லை, ஜெபித்தார்.

பதில்: கல் விழும்போது அதைப் பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமிருந்திருக்காது.

கேள்வி: கணவர் அடிக்கிறார், மன்னிப்புக் கேட்கிறார், மறுபடி அடிக்கிறார். இயேசு சொன்னபடி ஏழெழுபது தரம் பொறுக்கணுமா?

பதில்: சகோதரி, இன்றைக்கே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். போலீசில் சொல்லுங்கள், ரோமர் 13:4 அதிகாரியிடம் பட்டயம், அதாவது வாள், கொடுத்திருப்பது இதற்கும்தான். ஏழெழுபது மன்னிப்புக்கு, அடி வாங்க அல்ல.

கேள்வி: ஸ்தேவான் விஷயத்துக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை...

பதில்: எனக்குக் கோபம் வருகிறது. போனை வைக்கிறேன்.